விரதமும் தசை இழப்பும்: மரபணுவின் பங்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங், தண்ணீர் விரதம், ஏகாதசி, ரமலான் நோன்பு என்று எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் பேச்சு தசையில்தான் வந்து நிற்கிறது. "எனக்கு ஜீனே அப்படி, பட்டினி கிடந்தால் கொழுப்பு போகாது, கை கால்தான் சூம்பும்" என்று ஒருவர் சொல்வார். "அதெல்லாம் சும்மா, விரதத்தில் தசை கரையவே கரையாது" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டையும் அப்படியே ஏற்க முடியாது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். அவசரமாக இருப்பவர்கள் சிறுநீர் நிறம் பற்றிய கேள்வியை மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள்.

ஒரே மாதிரி விரதம் இருந்தும் எனக்கு மட்டும் தசை குறைகிறது. மரபணுதான் காரணமா?

மரபணுவுக்கு ஒரு பங்கு உண்டு. ஆனால் அதை முதல் இடத்தில் வைக்க மாட்டேன். தொடங்கும்போது உடம்பில் எவ்வளவு கொழுப்பு இருந்தது, எத்தனை நாள் இருக்கிறீர்கள், சாப்பிடும் நேரத்தில் எவ்வளவு புரதம் உள்ளே போகிறது, தசைக்கு வேலை கொடுக்கிறீர்களா, வயது என்ன, இவைதான் முதலில். மரபணு இவற்றுக்குப் பின்னாலிருந்து வேலை செய்கிறது. உங்கள் உடம்பில் கொழுப்பு எவ்வளவு சேரும், தசை எவ்வளவு இருக்கும் என்பதிலேயே பாதி அளவுக்குப் பரம்பரை இருக்கிறது, அதனால் "மரபணுவா பழக்கமா" என்று கத்தியால் வெட்டியதுபோல் பிரிக்க வராது. மிகச் சிலருக்கு மட்டும் ஒற்றை மரபணு மாற்றமே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும். அவர்களுக்கு விரதம் உண்மையான ஆபத்து. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், பட்டினி கிடந்தால் உடம்பு ஏன் தசையில் கை வைக்கிறது? கொழுப்புதான் இவ்வளவு இருக்கிறதே?

மூளைக்காகத்தான். சாதாரண நாளில் மூளை 100 முதல் 120 கிராம் வரை குளுக்கோஸ் எரிக்கும். கல்லீரலில் கிளைக்கோஜனாக இருக்கும் இருப்பு ஏறக்குறைய 100 கிராம், ஒரு நாள் பட்டினியில் அது தீரும் நிலைக்கு வந்துவிடும். கொழுப்பு அமிலத்திலிருந்து நம் உடம்பால் குளுக்கோஸ் செய்ய முடியாது. கொழுப்பு உடையும்போது கிடைக்கும் கிளிசரால் மட்டும் கொஞ்சம் உதவும். மீதிக்கு, புரதத்தை உடைத்து வரும் அலனைன், குளுட்டமின் போன்ற அமினோ அமிலங்களைக் கல்லீரலும் சிறுநீரகமும் குளுக்கோஸாக மாற்றுகின்றன. அந்தப் புரதத்தின் பெரிய இருப்பு தசையில்தான் இருக்கிறது.

இது இப்படியே போனால் சில வாரங்களில் ஆள் படுத்துவிடுவார். அப்படி நடப்பதில்லை, ஏன் என்று காட்டியவர் ஹார்வர்டில் இருந்த ஜார்ஜ் கேஹில். உடல் பருமனானவர்கள் மருத்துவமனையில் 5, 6 வாரம் பட்டினி இருந்தபோது அவரும் ஆலிவர் ஓவனும் மற்றவர்களும் சேர்ந்து அளந்து 1967இல் வெளியிட்ட முடிவு, மூளை தன் எரிபொருளில் பெரும்பகுதியைக் கீட்டோனுக்கு (கொழுப்பிலிருந்து கல்லீரல் செய்யும் எரிபொருள்) மாற்றிக்கொள்கிறது என்பது. அதுவரை மூளைக்குக் குளுக்கோஸ் மட்டும்தான் என்று நம்பியிருந்தார்கள். கீட்டோன் ஏற ஏற, சிறுநீரில் வெளியேறும் நைட்ரஜன் முதல் நாட்களில் ஒரு நாளுக்கு 10, 12 கிராம் என்று இருந்தது சில வாரங்களில் 3, 4 கிராமாக இறங்குகிறது. 1 கிராம் நைட்ரஜன் போனால் 6.25 கிராம் புரதம் போனதாகக் கணக்கு. தசையில் புரதம் ஐந்தில் ஒரு பங்குதான், மீதி பெரும்பாலும் தண்ணீர். ஆக ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு 300 கிராமுக்கு மேல் திசு போகிறது, பிறகு 100 கிராம் சுற்றளவுக்குக் குறைகிறது. இது எல்லாமே தசை என்று நினைக்க வேண்டாம், குடல், கல்லீரல் புரதமும் முதல் நாட்களில் நிறைய போகும்.

இன்னொரு காவலும் உண்டு. பட்டினியில் வளர்ச்சி ஹார்மோன் ஏறும். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் குழு 2001இல் ஆரோக்கியமான ஆண்களை 40 மணி நேரம் பட்டினி வைத்து, அந்த ஹார்மோனை மட்டும் தடுத்துப் பார்த்தது. புரத இழப்பு ஏறத்தாழ பாதிக்குப் பாதி கூடிவிட்டது.

சரி, இதில் மரபணு எங்கே வருகிறது?

மேலே சொன்ன ஒவ்வொரு படியிலும். கொழுப்பைக் கல்லீரல் செல்லின் எரி அடுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தள்ளுவது ஒரு நொதி, அதைக் கீட்டோனாக்குவது சில நொதிகள், இன்சுலின் இறங்கியதைத் தசை உணர்வது சில புரதங்கள். எல்லாவற்றுக்கும் மரபணு உண்டு, எல்லாவற்றிலும் ஆளுக்கு ஆள் சிறு வேறுபாடுகள் உண்டு.

தசையை உடைக்கும் வேலைக்கென்றே இரண்டு மரபணுக்கள் 2001இல் தெரியவந்தன. ஒன்று ஆட்ரோஜின்-1, இன்னொன்று மியூஆர்எஃப்-1. ஆட்ரோஜின்-1ஐ ஹார்வர்டில் ஆல்ஃபிரட் கோல்ட்பெர்க் ஆய்வகம் கண்டுபிடித்ததே பட்டினி போட்ட எலியின் தசையில்தான். இவை வேண்டாத புரதங்களின் மேல் அடையாளம் ஒட்டிவிடும், அடையாளம் ஒட்டியதைச் செல்லுக்குள் இருக்கும் புரோட்டியசோம் நறுக்கிவிடும். சாப்பிட்ட நேரத்தில் இன்சுலின் சமிக்ஞை ஃபாக்ஸ்ஓ என்ற புரதத்தைக் கட்டிப்போட்டு வைத்திருக்கும். பட்டினியில் இன்சுலின் இறங்கியதும் ஃபாக்ஸ்ஓ செல் கருவுக்குள் போய் ஆட்ரோஜின்-1ஐ முடுக்கிவிடும். இந்த இரண்டு மரபணுக்களில் ஒன்றை நீக்கிய எலிகளில் நரம்பை வெட்டிய பிறகும் தசை அவ்வளவாகச் சூம்பவில்லை.

இதில் எல்லோரும் குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. ஆட்ரோஜின்-1 உங்களுக்கும் உண்டு, எனக்கும் உண்டு. மரபணு "இருக்கிறதா" என்று கேட்பதில் அர்த்தமில்லை, அது எவ்வளவு முடுக்கிவிடப்படுகிறது என்பதுதான் கேள்வி. அதை நேற்று நீங்கள் சாப்பிட்டது, தூங்கியது, தூக்கிய எடை எல்லாமே மாற்றும். பிறக்கும்போது எழுதி வைத்த எழுத்து வேறு, அது இன்று எவ்வளவு சத்தமாகப் படிக்கப்படுகிறது என்பது வேறு.

ஆளுக்கு ஆள் வேறுபாடு பரம்பரைதான் என்பதற்கு என்ன ஆதாரம்?

ஒரு கரு இரட்டையர்கள். ஒரே மரபணு, ஒரே வயது. கியூபெக்கில் கிளாட் புஷார் 1990இல் 12 ஜோடி இளைஞர்களுக்கு வாரத்தில் 6 நாள், நாளுக்கு 1,000 கலோரி கூடுதலாக மொத்தம் 84 நாள் கொடுத்தார். சிலருக்கு 4 கிலோ ஏறியது, சிலருக்கு 13 கிலோ. ஆனால் ஒரு ஜோடிக்குள் இருவரும் ஒட்டியே இருந்தார்கள். 1994இல் அதே குழு 7 ஜோடிகளை வைத்துத் தலைகீழாகச் செய்தது, சாப்பாடு மாறாமல் உடற்பயிற்சி மட்டும், ஏறத்தாழ மூன்று மாதம். சராசரியாக 5 கிலோ குறைந்தது, அங்கேயும் ஜோடிக்குள் ஒற்றுமை. பிராகில் பருமனான 14 ஜோடி இரட்டைச் சகோதரிகளுக்கு நான்கு வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்துப் பார்த்ததும் 2000இல் வெளிவந்தது. இதே கதைதான், அக்காவுக்குக் குறைந்த அளவு தங்கைக்கும் குறைந்தது.

எனவே பரம்பரை உண்டு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இவை முழுப் பட்டினி ஆய்வுகள் அல்ல. எடை, கொழுப்பு எவ்வளவு போனது என்பதில்தான் கவனம் வைத்தவை, எந்த மரபணு என்று சுட்டியவையும் அல்ல.

உடம்பே சிக்கனம், ஊதாரி என்று இரண்டு வகையாமே?

1962இல் ஜேம்ஸ் நீல் "சிக்கன மரபணு" என்ற கருத்தை முன்வைத்தார், பஞ்சத்தில் தாக்குப்பிடித்தவர்களின் வாரிசுகளுக்கு ஆற்றலைச் சேமிக்கும் மரபு வந்திருக்கும் என்று. அப்படி ஒரே மரபணு கிடைக்கவில்லை, கருத்து மீது இன்றும் சண்டை நடக்கிறது. ஆனால் சிக்கனமான உடம்பு என்ற ஒன்று இருப்பதை அளக்க முடிகிறது. அமெரிக்காவின் ஃபீனிக்ஸில் பருமனான 12 பேரை மூடிய அறையில் 24 மணி நேரம் பட்டினி வைத்து, உடம்பு எவ்வளவு ஆற்றல் எரிக்கிறது என்று பார்த்தார்கள். பிறகு 6 வாரம் பாதிச் சாப்பாடு. 2015இல் வெளிவந்த முடிவு: அந்த ஒரு நாள் பட்டினியிலேயே செலவை அதிகமாகச் சுருக்கிக்கொண்டவர்களுக்கு எடை குறைவாகவே இறங்கியது.

தசைக்கு இதைவிட நேரடியான சான்று பழையது. மினசோட்டாவில் 1944-45இல் ஆன்செல் கீஸ் நடத்திய பட்டினிப் பரிசோதனை. போருக்குப் போக மனசாட்சி இடம் தராத 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்தார்கள், 24 வாரம் அரைப்பட்டினி, எடையில் கால்வாசி போனது. அந்தக் கணக்குகளைப் பல பத்தாண்டு கழித்து அப்துல் துல்லூவும் அவர் குழுவும் மறுபடி அலசினார்கள். இழந்ததில் எவ்வளவு புரதம், எவ்வளவு கொழுப்பு என்ற விகிதம் ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபட்டது, அதே விகிதம்தான் மறுபடி சாப்பிட்டுத் தேறும்போதும் அந்தந்த ஆளிடம் தெரிந்தது. தசையை இழந்து குறைந்தவர் தசையைச் சேர்த்தே தேறினார். எனக்கு இந்த முழு விஷயத்திலும் மிகப் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான், ஏனென்றால் உடம்புக்குத் தனக்கென்று ஒரு பங்கீட்டு வழக்கம் இருப்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டவில்லை. அந்த விகிதத்தை மிக வலுவாகத் தீர்மானித்தது எது தெரியுமா? தொடக்கத்தில் இருந்த கொழுப்பின் அளவு. ஒல்லியாகத் தொடங்கியவர்களுக்குத் தசை அதிகம் போனது.

அப்படியானால் குண்டாக இருப்பவர் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாமா? ஒருவர் ஒரு வருடம் சாப்பிடாமலே இருந்தாராமே?

ஆங்கஸ் பார்பியேரி, ஸ்காட்லாந்துக்காரர். 1965-66இல் 382 நாள், 207 கிலோவிலிருந்து 82 கிலோ. நடந்தது உண்மை, மருத்துவ இதழில் 1973இல் பதிவானது. டண்டீ நகர மருத்துவர்களின் கண்காணிப்பில், வைட்டமின், பொட்டாசியம் கொடுத்து, அடிக்கடி ரத்தம் பார்த்து நடந்தது. அவ்வளவு கொழுப்பு இருந்ததால்தான் அது முடிந்தது. அந்தக் காலத்தில் இப்படி நீண்ட பட்டினி இருந்த வேறு சிலர் இறந்தும் போனார்கள். யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

நம் ஊர் ஆட்களுக்குப் பிறவியிலேயே தசை குறைவு என்கிறார்கள். உண்மையா?

உண்மை. அதே உயரம், அதே எடை உள்ள ஐரோப்பியரோடு ஒப்பிட்டால் தெற்காசியர்களுக்குச் சராசரியாகத் தசை குறைவு, கொழுப்பு அதிகம். புனேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் படத்தையே போட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. யுட்கினுக்கு உடல் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். யாஜ்னிக் குழு 2003இல் காட்டியது இன்னும் ஆழமானது. புனே கிராமங்களில் பிறந்த குழந்தைகள் சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்டன் குழந்தைகள் 3.5 கிலோ. எடை இவ்வளவு குறைவாக இருந்தும் நம் குழந்தைகளின் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. குறைந்தது தசையும் உறுப்புகளும்தான்.

இது பரம்பரையா, அம்மாவுக்குச் சாப்பாடு போதாததா? இரண்டும். எம்மா பொமராய் குழு 2019இல் தெற்காசியாவின் பழைய எலும்புக்கூடுகளை அளந்து, சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இங்கே உடல்வாகு தசை குறைந்ததாக இருந்திருக்கிறது என்று காட்டியது. அதாவது ஆங்கிலேயர் காலப் பஞ்சங்களால் மட்டும் வந்தது என்று சொல்லி முடித்துவிட முடியாது.

இதன் நடைமுறை அர்த்தம் சின்னது, ஆனால் முக்கியமானது. பார்க்க ஒல்லியாக, தொப்பை மட்டும் கொஞ்சம் தள்ளிய ஒருவர் "கொழுப்பைக் கரைக்கிறேன்" என்று ஒரு வாரம் தண்ணீர் விரதம் இருந்தால், எடுத்துச் செலவழிக்க அவரிடம் தசை இருப்பே குறைவு. வெள்ளைக்காரப் பயிற்சியாளர் 90 கிலோ உடம்போடு செய்து காட்டுவதை 58 கிலோ ஆள் அப்படியே செய்யக் கூடாது.

ஏசிடிஎன்3 மரபணு சோதனை செய்தால் எனக்கு விரதம் ஒத்துவருமா என்று தெரியுமா?

தெரியாது. எச்சில் வாங்கிக்கொண்டு "உங்களுக்கு ஏற்ற டயட்" என்று அறிக்கை தருபவர்கள் எல்லோரும் இந்த மரபணுவை முதல் பக்கத்தில் போடுகிறார்கள். இது வேகத் தசை இழைகளில் இருக்கும் ஆல்ஃபா-ஆக்டினின்-3 என்ற புரதத்துக்கான மரபணு. உலகில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்தப் புரதம் சுத்தமாகக் கிடையாது, அவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். 2003இல் ஆஸ்திரேலியக் குழு ஒன்று உச்சநிலை குறுந்தூர ஓட்டக்காரர்களில் இந்தக் குறைபாடு அரிது என்று காட்டியதிலிருந்து இதற்கு இந்தப் புகழ். சாதாரண மனிதர்களின் தசை வலிமை வேறுபாட்டில் இது விளக்குவது சில சதவீதம்கூட இல்லை. இதை வைத்து விரதத் திட்டம் போட எந்த அடிப்படையும் இல்லை. மக்களுக்கு நேரடியாக விற்கப்படும் மரபணு சோதனைகளுக்கு விளையாட்டுத் திறனைக் கணிப்பதில்கூட இடமில்லை என்று விளையாட்டு மருத்துவ நிபுணர்கள் 2015இலேயே கூட்டாகச் சொல்லிவிட்டார்கள். அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள்.

மயோஸ்டேட்டின் குறைவாக இருந்தால் தசை போகவே போகாதாமே?

தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் புரதம் அது, 1997இல் தெரியவந்தது. பெல்ஜியன் ப்ளூ மாடுகள் அப்படிப் புடைத்திருப்பது அந்த மரபணு கெட்டுப்போனதால். மனிதர்களில், அப்பாவிடமிருந்து ஒன்று அம்மாவிடமிருந்து ஒன்று என்று வரும் அந்த மரபணுவின் இரண்டு பிரதியும் கெட்ட ஒரு ஜெர்மன் குழந்தையைப் பற்றி 2004இல் எழுதினார்கள். மிக மிக அரிது. உங்களுக்கு அது இருந்தால் இந்தப் பக்கத்தைத் தேடி வந்திருக்க மாட்டீர்கள்.

ஒரு மரபணு மாற்றம் பட்டினியை உண்மையிலேயே மாற்றிவிட்ட உதாரணம் ஏதாவது உண்டா?

ஆர்க்டிக் பகுதி. கிரீன்லாந்து, வடக்குக் கனடா, அலாஸ்காவின் இனுயிட் மக்களிடம் சிபிடி1ஏ என்ற மரபணுவில் ஒரு மாற்றம் மிகப் பரவலாக இருக்கிறது. கல்லீரலில் கொழுப்பு அமிலத்தை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் விடும் வாசல் இந்த நொதி. மாற்றம் உள்ளவர்களிடம் வாசல் பாதி மூடியிருக்கும். சீல், திமிங்கிலம், மீன் என்று கொழுப்பும் புரதமுமாகச் சாப்பிட்டு வாழ்ந்தவர்களிடம் இது ஏன் நிலைத்தது என்று பல விளக்கங்கள் சொல்கிறார்கள். ஆனால் சிறு குழந்தைகள் நீண்ட நேரம் பால் குடிக்காமல் போனால் கீட்டோன் போதிய அளவு ஏறாது, ரத்தச் சர்க்கரையும் இறங்கும். அலாஸ்காவில் இந்த மாற்றம் இரு பிரதியிலும் உள்ள குழந்தைகளை மருத்துவமனையில் வைத்துப் பார்த்ததில் இது உறுதியானது. கேஹில் காட்டிய கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். கீட்டோன் ஏறாவிட்டால் மூளை குளுக்கோஸையே கேட்டுக்கொண்டிருக்கும், அதைத் தர அமினோ அமிலம் வேண்டும், அது வருவது தசையிலிருந்து.

சமோவா தீவுகளில் வேறு விதம். 2016இல் 3,000க்கும் மேற்பட்ட சமோவா மக்களை ஆராய்ந்தபோது சிஆர்இபிஆர்எஃப் என்ற மரபணுவில் அங்கே அதிகம் உள்ள ஒரு மாற்றம் தெரிந்தது. அது உள்ளவர்களுக்கு உடல் எடை அதிகம், ஆனால் சர்க்கரை நோய் வாய்ப்பு குறைவு. ஆய்வகத்தில் அந்த மாற்றத்தோடு வளர்த்த கொழுப்புச் செல்கள் ஆற்றலைக் குறைவாகச் செலவழித்து, பட்டினியைத் தாங்கின. நீலின் சிக்கன மரபணுவுக்கு மிக அருகில் வந்தது இதுதான்.

விரதம் இருந்துவிட்டு உடற்பயிற்சி செய்தேன். தசை வலியும் கடுங்காபி நிறத்தில் சிறுநீரும் வந்தது. பயப்பட வேண்டுமா?

ஆம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், காலை வரை காத்திருக்க வேண்டாம். தசைச் செல்கள் உடைந்து உள்ளே இருக்கும் மயோகுளோபின் ரத்தத்தில் கலந்து சிறுநீரில் வருவதுதான் அந்த நிறம். ராப்டோமயோலிசிஸ் என்பார்கள். சிறுநீரகம் செயலிழக்கலாம், பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு குழம்பலாம். கிரியேட்டின் கைனேஸ் என்ற ரத்தப் பரிசோதனையில் சாதாரணமாகச் சில நூறில் இருக்க வேண்டிய எண் பல ஆயிரம், சிலருக்கு லட்சம் தாண்டி நிற்கும்.

பழக்கமில்லாத கடும் பயிற்சியாலும் வெயிலாலும் சில மருந்துகளாலும் இது யாருக்கும் வரலாம். ஆனால் பட்டினி, காய்ச்சல், குளிர், நீண்ட நேர நடை அல்லது ஓட்டம் என்று வரும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வந்தால், சிபிடி2 என்ற நொதியின் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1973இல் முதன்முதலில் விவரிக்கப்பட்டது. நீண்ட சங்கிலிக் கொழுப்பைத் தசை எரிக்க வேண்டிய கடைசி வாசல் இந்த நொதி. சாப்பிட்டிருக்கும் வரை தசை சர்க்கரையில் ஓடிவிடும், ஒன்றும் தெரியாது. விரதத்தில் உடம்பு கொழுப்புக்கு மாறும் நேரம் பார்த்துத் தசைக்கு எரிபொருள் கிடைக்காமல் போகிறது, செல் உடைகிறது. பதின்ம வயதிலோ இருபதுகளிலோ வெளிப்படும், ஆண்களில் அதிகம் தெரியும், இடைப்பட்ட நாட்களில் ஆள் முழு ஆரோக்கியமாக இருப்பார். "நீ சரியாத் தண்ணி குடிக்கல" என்று சொல்லியே பல ஆண்டுகள் ஓடிவிடும். இதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம். விரதமும் மரபணுவும் என்று பேசுகிறவர்கள் ஏசிடிஎன்3 பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள், ஆளையே சாய்க்கக்கூடிய இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை.

நம் ஊரில் இதைக் கூடுதலாக நினைவில் வைக்கக் காரணம் உண்டு. இது அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் கெட்ட பிரதி வந்தால்தான் வரும் வகை. அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்தில் கட்டும் வழக்கம் இந்தியாவிலேயே அதிகம் உள்ள மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. சொந்தத்தில் மணந்த வீட்டில் ஒரே கெட்ட பிரதி இரு பக்கமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. ரத்தத்தில் அசைல்கார்னிடின் பரிசோதனையும் அதன்பின் மரபணுப் பரிசோதனையும் செய்து உறுதிப்படுத்துவார்கள். மரபணுப் பரிசோதனைக்குக் காசு செலவழிக்க உண்மையான காரணம் என்றால் அது இதுதான்.

டெக்ஸா ஸ்கேனில் ஒரு வார விரதத்தில் 3 கிலோ "லீன் மாஸ்" போனது என்று வந்திருக்கிறது. அவ்வளவும் தசையா?

இல்லை, மூச்சு விடுங்கள். டெக்ஸா என்பது உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று அளக்கும் எக்ஸ்ரே ஸ்கேன், கொழுப்பும் எலும்பும் போக மீதியை "லீன் மாஸ்" என்று காட்டும். தண்ணீரையும் கிளைக்கோஜனையும் அந்தக் கணக்கில்தான் சேர்க்கும். 1 கிராம் கிளைக்கோஜனோடு 3 கிராம் சுற்றளவு தண்ணீர் ஒட்டியிருக்கும், முதல் இரண்டு மூன்று நாளில் அது மொத்தமாக இறங்கும். 2024இல் வெளியான ஓர் ஆய்வில் 12 பேர் 7 நாள் தண்ணீர் மட்டும் குடித்து இருந்தார்கள். சராசரி 5.7 கிலோ குறைந்தது. மறுபடி சாப்பிட்ட 3 நாளில் லீன் மாஸ் பெரும்பாலும் திரும்பிவிட்டது, கொழுப்பு திரும்பவில்லை.

இதைக் காட்டி "தசை போகவே போகாது" என்று சொல்வதும் தப்பு. 16:8 முறையில் 12 வாரம் 116 பேரை வைத்து நடந்த அமெரிக்க ஆய்வு 2020இல் வந்தது. பயிற்சி, புரதம் எதுவும் சொல்லிக்கொடுக்காமல் மதியம் 12 முதல் இரவு 8 வரை மட்டும் சாப்பிடச் சொன்னார்கள். நேரில் அளந்தவர்களில் குறைந்த எடை 1.7 கிலோ, அதில் மூன்றில் இரண்டு பங்கு லீன் மாஸ். அதே 16:8ஐ இத்தாலியில் எடை தூக்கிப் பழகிய 34 ஆண்களில் சோதித்தபோது, 8 வாரத்தில் கொழுப்பு குறைந்தது, தசை அப்படியே இருந்தது. இந்த இரண்டு குழுவுக்கும் மரபணுவா வித்தியாசம்? எடைப்பயிற்சியும் புரதமும்தான்.

என் மரபணு எப்படியோ இருக்கட்டும். தசையைக் காப்பாற்ற என்ன செய்வது?

எடை தூக்குங்கள், புரதம் சாப்பிடுங்கள், நாட்களை நீட்டாதீர்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 40 இளைஞர்களுக்கு 4 வாரம், தேவையைவிட 40 சதவீதம் குறைவாகச் சாப்பாடு, கூடவே கடும் பயிற்சி. உடல் எடையில் கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் எடுத்தவர்களுக்கு அந்த அரைப்பட்டினியிலும் 1.2 கிலோ லீன் மாஸ் கூடியது. 1.2 கிராம் எடுத்தவர்களுக்குக் கூடவுமில்லை, குறையவுமில்லை.

நமக்கு அவ்வளவு வேண்டாம். கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் எட்டினாலே பெரிய விஷயம், 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 96 கிராம். இதை நம் சாப்பாட்டில் எட்டுவது லேசில்லை, அதைத்தான் பலர் உணர்வதில்லை. ஒரு முட்டையில் 6 கிராம். இரண்டு இட்லியில் 4 கிராம் தேறலாம். 100 கிராம் பனீரில் 18 கிராம் சுற்றளவு, 50 கிராம் சோயா உருண்டையில் 25. காலை முழுக்க எதுவும் சாப்பிடாமல் இருந்துவிட்டு மதியம் சாதம், சாம்பார், பொரியல், ராத்திரி இரண்டு தோசை என்று முடித்தால் 40 கிராம்கூட வராது. சஷ்டி விரதம் ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் எடுப்பவர்கள் பாலின் அளவைக் கூட்டி, தயிரும் சேர்த்துக்கொள்ள முடிந்தால் நல்லது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் குடும்பமே ஒல்லி. எடை தூக்கினாலும் எனக்கு ஏறாது, அப்புறம் எதற்கு?

எல்லோருக்கும் ஒரே மாதிரி ஏறாது என்பது சரி. 585 பேர் ஒரு கைக்கு மட்டும் 12 வாரம் பயிற்சி செய்த ஆய்வு 2005இல் வந்தது. தசைப் பருமன் ஒரு முனையில் 2 சதவீதம் குறைந்தது, மறுமுனையில் 59 சதவீதம் கூடியது. ஆனால் பெரும்பாலானவர்கள் நடுவில்தான், கொஞ்சமாவது கூடியவர்கள். விரத நாட்களில் உங்களுக்குத் தசை வளர வேண்டியதில்லை, இருப்பது நின்றால் போதும். அதற்கு வாரம் இரண்டு, மூன்று நாள் எடைப்பயிற்சி எந்த மரபணுவுக்கும் உதவும்.

பெண்களுக்கு வேறுபாடு உண்டா?

உண்டு. பட்டினியில் பெண்களுக்கு ரத்தச் சர்க்கரை வேகமாக இறங்கும், கீட்டோனும் வேகமாக ஏறும். ஆனால் தொடக்கத்திலேயே தசை குறைவு என்பதால் அலட்சியம் வேண்டாம். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் நீண்ட விரதம் இருக்கக் கூடாது.

என் தம்பிக்கு சிபிடி2 குறைபாடு உறுதியாகிவிட்டது. நான் விரதம் இருக்கலாமா?

பரிசோதனை முடிவு வரும் வரை வேண்டாம். உடன்பிறந்தவருக்கும் அதே குறைபாடு இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு, ஒரு கெட்ட பிரதி மட்டும் இருக்க நான்கில் இரண்டு. ஒரு பிரதி மட்டும் உள்ளவர்கள் பெரும்பாலும் சாதாரணமாகவே இருப்பார்கள், சிலருக்கு மட்டும் கடும் உழைப்பில் தொல்லை வந்திருக்கிறது. தம்பி விஷயத்தில் விரதம் அறவே கூடாது, வேலைக்கும் விளையாட்டுக்கும் முன்னால் மாவுச்சத்து சாப்பிட வேண்டும், காய்ச்சல் வந்து சாப்பிட முடியாமல் போனால் மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். வீட்டில் பலர் மறக்கும் ஒன்று, எந்த அறுவை சிகிச்சைக்கு முன்னாலும் இரவிலிருந்து வெறும் வயிற்றில் இருக்கச் சொல்வார்கள். அந்தப் பட்டினியும் பட்டினிதான். நோயின் பெயர் எழுதிய மருத்துவர் கடிதத்தைத் தம்பி பர்ஸிலேயே வைத்துக்கொள்ளட்டும், மயக்க மருந்து கொடுப்பவரிடம் முன்கூட்டியே காட்டினால் பட்டினி தொடங்கும்போதே குளுக்கோஸ் டிரிப் போட்டுவிடுவார்கள்.